பழைய டிராக்டர் வாங்கி அஞ்சு வருஷம் ஓட்டி விக்கும்போது காசு நிக்கணும்னா

தம்பி, உங்க கேள்விய ரெண்டு தடவை படிச்சேன். துறையூர் பக்கம் 6 ஏக்கர், மக்காச்சோளமும் பருத்தியும், கிணத்துப் பாசனத்துல கொஞ்சம் நெல்லு, சொந்த வேலை இல்லாத நாள்ல அக்கம்பக்கத்துக்கு வாடகை உழவு, கையில நாலரை லட்சம், அஞ்சு வருஷம் ஓட்டிட்டு வித்தா போட்டதுல பெரும்பகுதி திரும்பி வரணும், எந்த கம்பெனி வாங்கலாம்னு கேட்டிருக்கீங்க. நான் லால்குடி பக்கம், 2003-லேர்ந்து வாடகை உழவு ஓட்டுறேன், இதுவரைக்கும் 7 வண்டி வாங்கி 6 வித்திருக்கேன், அதுல ரெண்டுல நல்லா அடி வாங்கினேன், அந்த ரெண்டையும் கீழ சொல்றேன்.

கம்பெனி பேர கடைசியா பாப்போம். நீங்க வாங்குற வண்டிய அஞ்சு வருஷம் கழிச்சு வாங்கப்போறவன் எங்கேயோ பஞ்சாப்லயோ மகாராஷ்டிராவுலயோ இல்ல, உங்க வீட்டுலேர்ந்து 30 கிலோமீட்டருக்குள்ளதான் இப்போ எங்கேயோ பவர் டில்லரோ ஏர் மாடோ வச்சுகிட்டு இருக்கான், அவனுக்கு என்ன வண்டி மேல நம்பிக்கைங்கறதுதான் உங்க ரீசேல். அதனால ஒரு வேலை பண்ணுங்க, உழவு நேரத்துல காலைல 6 மணிலேர்ந்து 8 மணி வரைக்கும் உங்க ஊர் பெட்ரோல் பங்க் எதிர்ல இருக்கிற டீக்கடையில உக்காந்து டீசல் போட வர்ற வண்டிய எண்ணுங்க. எந்த மாடல் எத்தனைன்னு ஒரு பேப்பர்ல கோடு போடுங்க. ரெண்டு நாள் உக்காந்தா போதும், எந்த யூடியூப் வீடியோவும் இத உங்களுக்கு சொல்லாது. அப்புறம் பக்கத்து டவுன்ல மூணு டிராக்டர் மெக்கானிக்குகிட்ட போய், உங்ககிட்ட அதிகமா வர்ற வண்டி எது, அதுக்கு ஸ்பேர் எந்த கடையில அன்னைக்கே கிடைக்கும்னு கேளுங்க. எது நல்ல வண்டின்னு கேக்காதீங்க, அப்படி கேட்டா அவங்கவங்க மச்சான் வச்சிருக்கிற வண்டிய சொல்லுவாங்க.

எங்க பக்கமும் உங்க பக்கமும் எண்ணிப் பாத்தா பெரும்பாலும் மேசி (மேசி ஃபெர்குசன்) 1035, மேசி 241, மஹிந்திரா 475, 575, அப்புறம் ஸ்வராஜ் 735, 744, நடுவுல ஜான் டீர் 5042, 5045, இப்போ கொஞ்ச வருஷமா குபோட்டா 4501, இவ்வளவுதான் கண்ணுல படும். மேசி ஏன் நம்ம ஊர்ல விலை நிக்குதுன்னா அது சென்னை டாஃபே கம்பெனி வண்டி, இன்ஜின் சிம்ப்சன் கம்பெனியோடது, அதுக்கு கை வைக்கத் தெரியாத மெக்கானிக் தமிழ்நாட்டுல கிடையாது, ஆயில் சீல்லேர்ந்து லைனர் வரைக்கும் தாலுகா டவுன் கடையிலயே தொங்கும். 1035 வந்து 36 எச்பி, 3 சிலிண்டர், 241 வந்து 42 எச்பி. பெருசா வேகம் எதிர்பாக்காதீங்க, ஆனா டீசல் கம்மியா குடிக்கும், அதனால 12 வருஷ 1035-க்கும் ஆள் நிக்கிறான். நடுவுல 2024-ல மேசிங்கற பேருக்குச் சொந்தக்கார வெளிநாட்டு கம்பெனி டாஃபேவோட ஒப்பந்தத்த முறிச்சுடுச்சு, இனிமே மேசிங்கற பேரே வராதுன்னு ஒரு பேச்சு ஓடுச்சு, புரோக்கருங்க அதையே சொல்லி விலைய அடிச்சாங்க. 2025 ஜூலைல ரெண்டு பேரும் சமாதானமாகி இந்தியாவுல அந்தப் பேரு டாஃபேவுக்கேன்னு முடிஞ்சு போச்சு, இன்னும் யாராவது அந்தக் கதைய சொன்னா காதுல வாங்காதீங்க.

மஹிந்திரா 575 இழுவை வண்டி, 45 எச்பி, 4 சிலிண்டர், டிரெய்லருக்கும் உழவுக்கும் ரெண்டுக்கும் ஆகும், பூமிபுத்ரா பழைய மாடல் இன்னும் ஓடிகிட்டுதான் இருக்கு. ஸ்வராஜும் இப்போ மஹிந்திரா கையிலதான், 2007-லயே வாங்கிட்டாங்க, முரட்டு வண்டி, ஆனா உங்க பக்கம் ஆள் எத்தனை பேர் வச்சிருக்கான்னு எண்ணிட்டு முடிவு பண்ணுங்க. ஜான் டீர் ஓட்ட சொகுசு, லிப்ட் அருமை, ஆயில் பிரேக் (ஆயிலுக்குள்ளயே இருக்கிற பிரேக்), கியர் பக்கவாட்டுல, டிரைவர் பசங்க அதத்தான் கேப்பாங்க, ஆனா ஸ்பேர் விலை கொஞ்சம் கசக்கும். குபோட்டாவும் அப்படித்தான், இன்ஜின் சத்தமே தெரியாது, ஒருதடவை ஓட்டினவன் வேற வண்டியில ஏற மாட்டான், ஆனா நல்லதா நாலரை லட்சத்துக்குள்ள கிடைக்கிறது கஷ்டம், கிடைச்சா ஏன் இவ்வளவு கம்மின்னு சந்தேகப்படுங்க.

கம்பெனி பேர் ஒண்ணே ஒண்ணுக்குத்தான் ரொம்ப முக்கியம், நீங்க விக்கிற அன்னைக்கு அந்தக் கம்பெனி இருக்கணும். எச்எம்டி டிராக்டர் தெரியுமா, என் அப்பா காலத்துல அது ராஜா வண்டி, செக்கோஸ்லோவாகியா ஜெட்டார் டிசைன், சேத்துல விட்டா நிக்காது. 2016-ல மத்திய அரசு அந்த டிராக்டர் தொழிற்சாலையையே மூட முடிவு பண்ணிடுச்சு, இன்ஜின் எவ்வளவு நல்லா இருந்தாலும் இன்னைக்கு இரும்பு விலைக்குத்தான் கேக்குறான். இன்னொரு பக்கம் ஐஷர் டிராக்டர 2005-ல டாஃபே வாங்குச்சு, எஸ்கார்ட்ஸ்ல 2022-ல குபோட்டா வந்து உக்காந்துச்சு, ரெண்டும் இன்னும் உயிரோட இருக்கு. ஆக கம்பெனி கை மாறினா பயம் இல்ல, கதவ சாத்தினாதான் பயம்.

எச்பி விஷயத்துல உங்களுக்கு 36-லேர்ந்து 45 வரைக்கும் போதும். அஞ்சடி ரொட்டவேட்டர் போடுவீங்க, ஒம்போது கொத்து கலப்பை போடுவீங்க, சோளத்தட்டு ஏத்த டிரெய்லர் இழுப்பீங்க, அவ்வளவுதானே. இந்த சைசுலதான் வாங்குற கூட்டமும் அதிகம். 30-க்கு கீழ மினி டிராக்டர் தோப்புக்காரன் மட்டும்தான் கேப்பான், 50-க்கு மேல போனா வாடகைக்காரனும் காண்ட்ராக்டரும் மட்டும்தான். இன்னொன்னு, 2023 ஜனவரிலேர்ந்து 50 எச்பிக்கு மேல இருக்கிற புது டிராக்டருக்கு புகை விதி கடுமையாயிடுச்சு, டிரெம் 4-ன்னு சொல்றாங்க, அதுல நிறைய வண்டியில சென்சாரும் கம்ப்யூட்டர் பெட்டியும் வந்துடுச்சு, நம்ம மெக்கானிக் ஸ்பேனர வச்சுகிட்டு முழிக்கிறான், லேப்டாப்போட கம்பெனி ஆள் வரணும். அந்த வண்டிங்க பத்து வருஷம் கழிச்சு என்ன விலைக்கு போகும்னு யாருக்கும் இப்போ பிடிபடல. கம்ப்யூட்டர் இல்லாத பழைய மெக்கானிக்கல் டீசல் பம்பு வண்டிக்கு மவுசு குறையாததுக்கு இதுவும் ஒரு காரணம்.

இப்போ விலை. புது வண்டி 8 லட்சம்னு வைங்க, எங்க பக்கம் பாக்கிற கணக்குல மூணு வருஷத்துல அது அஞ்சரை ஆயிடும், அதுக்கப்புறம் சறுக்கல் மெதுவாயிடும், ஏழாவது வருஷத்துல நாலு, நாலேகால்னு நிக்கும், பத்தாவது வருஷத்துலயும் வண்டி சுத்தமா இருந்தா மூணுக்கு கீழ இறங்காது. அதனால ஆறு ஏழு வருஷ வண்டிய வாங்கி பதினோரு பன்னெண்டாவது வருஷத்துல விக்கிறதுதான் நமக்கு லாபம், பெரிய சறுக்கல மொத ஓனர் தலையில கட்டியாச்சு. நாலுக்கு வாங்கி, 40 ஆயிரம் வேலை பாத்து, அஞ்சு வருஷம் கழிச்சு ரெண்டே முக்காலுக்கு வித்தாலும் வருஷத்துக்கு 33 ஆயிரம்தான் தேய்மானம், வாடகை உழவுல ஒரு சீசன்ல எடுத்துடலாம். ஆனா பதினஞ்சு வருஷத்த தாண்ட விட்டுடாதீங்க, ஆர்சி பதினஞ்சு வருஷம்தான் செல்லும், அப்புறம் எப்சிக்கு காட்டி அஞ்சஞ்சு வருஷமா புதுப்பிக்கணும், வாங்க வர்றவன் அத சாக்கா வச்சு அம்பதாயிரம் குறைப்பான்.

இந்த இடத்துல ஒரு முக்கியமான விஷயம், 2025 செப்டம்பர் 22-லேர்ந்து டிராக்டருக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்துலேர்ந்து 5 ஆயிடுச்சு. முன்னாடி வரியோட 8 லட்சம்னு இருந்த வண்டி கம்பெனி அப்படியே குறைச்சா ஏழரை லட்சம்தான் வரும். புதுசே அம்பதாயிரம் குறைஞ்சா பழசும் குறையணும்ல, ஆனா விக்கிறவன் இன்னும் 2024-ல பக்கத்து வீட்டுக்காரன் வித்த விலையையே சொல்லிகிட்டு இருப்பான். போறதுக்கு முன்னாடி ஷோரூம்ல அந்த மாடலுக்கு இன்னைக்கு விலை என்னன்னு ஒரு கொட்டேஷன் எழுதி வாங்கி சட்டைப் பையில வச்சுக்கோங்க, பேரத்துல எடுத்து நீட்டுங்க. டயருக்கும் நிறைய ஸ்பேருக்கும்கூட அதே நாள்ல வரி 18-லேர்ந்து 5 ஆச்சு, புது டயர் போட்டிருக்கேன்னு கணக்கு சொல்றவங்ககிட்ட இதையும் சொல்லுங்க.

சரி, வண்டி பாக்கப் போறீங்க. எத்தனை மணி நேரம் ஓடுச்சுங்கறத விட எங்க ஓடுச்சுங்கறதுதான் முக்கியம். என்னோட மொத அடி அதுலதான். 2009-ல ஒரு வண்டி, எந்த மாடல்னு வேணாம், தண்ணி பாயுற ஊருக்காரர்கிட்ட வாங்கினேன், மீட்டர்ல 1,900 மணி நேரம், பெயிண்ட் பளபளன்னு, இன்ஜின் கல்லு மாதிரி. வாங்கி நாலாவது மாசம் பின்னாடி கரகரன்னு சத்தம், பிரிச்சா கியர் ஆயில் மோர் மாதிரி வெள்ளையா இருக்கு. மூணு போகம் கேஜ் வீல் (சேத்துல புதையாம இருக்க மாட்டுற இரும்புச் சக்கரம்) மாட்டி சேத்து உழவு மட்டுமே ஓட்டின வண்டி அது, ஆக்ஸில் ஆயில் சீல் போய் தண்ணி உள்ள இறங்கி பேரிங்கும் பிரேக்கும் துரு புடிச்சு போச்சு, அந்தக் காலத்துலயே 38 ஆயிரம் செலவு. அதுலேர்ந்து நான் எந்த வண்டிக்கு போனாலும் மொதல்ல பின்னாடி குனிஞ்சு பாப்பேன். ராத்திரி முழுக்க நின்ன வண்டில காலைல கியர் பாக்ஸ் டிரெய்ன் பிளக்க ரெண்டு மரை மட்டும் லூஸ் பண்ணச் சொல்லுங்க, தண்ணி கனம், அடியில உக்காந்திருக்கும், இருந்தா ஆயிலுக்கு முன்னாடி அதுதான் சொட்டும். விக்கிறவர் இதுக்கு ஒத்துக்கலன்னா டீ குடிச்சிட்டு கிளம்பிடுங்க. ஆயில் பிரேக் வண்டின்னா இன்னும் கவனமா பாருங்க. நீங்க மானாவாரிக்காரர், பெரம்பலூர், அரியலூர், துறையூர்னு மேட்டு நில வண்டியா தேடுங்க, டெல்டா வண்டி ஐம்பதாயிரம் கம்மியா வந்தாலும் யோசிங்க. நான் டெல்டா விளிம்புல உக்காந்துகிட்டு இத சொல்றேன், எங்க ஊர்க்காரன் பாத்தா திட்டுவான்.

அதே மாதிரி செங்கச் சூளை, கிராவல், கரும்பு லோடு அடிச்ச வண்டிய கண்டுபிடிக்க டிராபார் ஓட்டைய பாருங்க. டிரெய்லர் கொக்கி மாட்டுற அந்த ஓட்டை புதுசுல வட்டமா இருக்கும், தினம் லோடு இழுத்த வண்டில கோழிமுட்டை மாதிரி நீண்டு போயிருக்கும், சில பேர் அதுல வாஷர் வெல்டு பண்ணி மறைச்சிருப்பான், வெல்டு தழும்பு தெரியும். கிணறு வெட்டுற கம்ப்ரசர் மாட்டின வண்டி நின்ன இடத்துலயே நாள் முழுக்க ஓடியிருக்கும், டயர் புதுசு மாதிரி இருக்கும், மீட்டர் கழட்டிவிட்டிருப்பாங்க, இன்ஜின் மட்டும் கிழவன் ஆயிருக்கும், சேசிஸ் பக்கவாட்டுல கம்ப்ரசர் பிராக்கெட்டுக்கு போட்ட கூடுதல் போல்ட் ஓட்டை இருக்கான்னு தடவிப் பாருங்க. வைக்கோல் கட்டுற பேலர் ஓட்டினதுல பிடிஓ ஷாஃப்ட், அதாவது பின்னாடி மாட்டுற கருவிய சுத்துற தண்டு, ஆடும், கையால புடிச்சு மேலயும் கீழயும் அசைச்சா தெரியும்.

மணி மீட்டர நம்பாதீங்க, ஆனா பாருங்க. சொந்தத்துக்கு மட்டும் ஓட்டுறவன் வருஷத்துக்கு 200, 300 மணி நேரம்தான் ஓட்டுவான், வாடகைக்காரன் 800, ஆயிரம் போவான். ஆறு வருஷ வண்டில 1,500 காட்டுதுன்னா டயர்ல தேதிய படிங்க, பக்கவாட்டுல நாலு இலக்கம் இருக்கும், 2319-ன்னா 2019-ம் வருஷம் 23-வது வாரம் செஞ்சதுன்னு அர்த்தம். வண்டி 2018 மாடல், டயர் 2022-ன்னா 1,500 மணி நேரத்துல பின் டயர் எப்படி தேஞ்சுதுன்னு கேளுங்க, அப்போ மூஞ்சி மாறும். கிளட்ச் பெடல் ரப்பர், ஸ்டியரிங் பிடி, கியர் குமிழ்ல நம்பர் அழிஞ்சிருக்கான்னு பாத்தாலும் வயசு தெரிஞ்சுடும்.

இன்ஜின் பாக்கிறதுக்கு காலைல ஆறு மணிக்கு வர்றேன்னு சொல்லிட்டு அஞ்சரைக்கே போய் நில்லுங்க. போனதும் வண்டிய ஸ்டார்ட் பண்ண விடாம இன்ஜின் பிளாக்ல கை வைங்க, சில்லுன்னு இருக்கணும். ஒருதடவை போனேன், இன்ஜின் வெதுவெதுன்னு இருந்துச்சு, கேட்டா இப்பதான் மாட்டுக்கு தட்டு ஏத்திகிட்டு வந்தேன்னாரு, பின்னாடி டிரெய்லர் சக்கரத்துக்கும் மண்ணுக்கும் நடுவுல சிலந்தி வலை கட்டியிருக்கு. குளிர்ல ஸ்டார்ட் ஆகாத வண்டிய முன்கூட்டியே சூடு பண்ணி வச்சிருந்தாரு, நான் ஒண்ணும் சொல்லாம வந்துட்டேன். சில்லுன்னு இருக்கிற வண்டி ரெண்டு மூணு சுத்துல புடிக்கணும், ஆரம்பத்துல கொஞ்சம் வெள்ளைப் புகை வந்து அடங்கினா பரவால்ல, நீலப் புகை நிக்காம வந்தா ஆயில் எரியுது. அப்புறம் ஓடும்போது ஆயில் ஊத்துற மூடிய கழட்டி தலைகீழா அதே வாய் மேல சும்மா வைங்க. லேசா அதிரலாம், ஆனா அது எகிறிக் குதிச்சு கீழ விழுந்தா ரிங்கும் லைனரும் போச்சு, முழு இன்ஜின் வேலை, 3 சிலிண்டருக்கே நல்ல சாமான் போட்டா 50 ஆயிரத்துக்கு மேல கைய விட்டு போகும். அத விலையில கழிச்சா வாங்கலாம், தப்பில்ல, இன்ஜின் வேலை பாத்தா புதுசாயிடும், ஆனா பின்பக்கம் கிரவுன் பினியன் (பின் சக்கரத்த சுத்துற பல்சக்கர ஜோடி) போன வண்டிய சும்மா கொடுத்தாலும் வேணாம்.

லிப்டுக்கு ஒரு பரீட்சை. கலப்பையோ ரொட்டவேட்டரோ மாட்டி மேல தூக்கிட்டு இன்ஜின ஆஃப் பண்ணுங்க, ஒரு குச்சிய தரையில ஊனி கலப்பை எந்த உயரத்துல இருக்குன்னு கோடு போட்டு, பத்து நிமிஷம் பேசிகிட்டே இருங்க. ரெண்டு விரக்கடை இறங்கினா பழசுக்கு சகஜம், தரையில போய் உக்காந்துட்டா செலவு இருக்கு. ஓடும்போது லிப்ட் உக்கி போடுற மாதிரி ஏறி ஏறி இறங்கினாலும் அதே கதைதான். கியருக்கு, ஒரு இறக்கத்துல கொண்டுபோய் ஆக்சிலேட்டர விடுங்க, கியர் தானா கழண்டுகிச்சுன்னா பாக்ஸ்ல வேலை இருக்கு. முன் சக்கரத்த ஜாக்கி போட்டு தூக்கி ஆட்டிப் பாருங்க, கிங் பின் புஷ் ஆட்டம் பெரிய செலவு இல்ல, ஆனா பேரத்துக்கு உதவும்.

புதுசா பெயிண்ட் அடிச்ச வண்டிய கண்டா எனக்கு அலர்ஜி. சேறும் ஆயில் பிசுக்குமா நிக்கிற வண்டில எங்க ஒழுகுதுன்னு தெரியும், பெயிண்ட் அடிச்சா ஒழுகல் ரெண்டு மாசம் கழிச்சுதான் தெரியும். இன்ஜினும் கியர் பாக்ஸும் சேர்ற இடத்துல அனபாண்ட்ங்கற ஒழுகாம அடைக்கிற பேஸ்ட் பிதுங்கிட்டு இருந்தா வண்டிய நடுவுல பிரிச்சிருக்காங்க, எதுக்கு பிரிச்சீங்கன்னு கேளுங்க, கிளட்ச் மாத்தினோம்னு பில்லோட சொன்னா சந்தோஷம்.

இப்போ ரெண்டாவது அடி, இது பேப்பர்ல வாங்கினது. ரீசேல்ல பாதி காசு இன்ஜின்ல இருக்கு, பாதி ஆர்சில இருக்கு. 2014-ல ஒரு வண்டி வாங்கினேன், விக்கிறவர் பேர்ல ஆர்சி இல்ல, அவருக்கு முந்தின ஓனர் பேர்ல இருக்கு, அந்த முந்தின ஓனர் கையெழுத்து போட்ட, பேர் மாத்துறதுக்கான ஃபாரம் 29, 30 ரெண்டும் வெறுமையா கையில இருக்கு, எப்ப வேணாலும் மாத்திக்கலாம் அண்ணேன்னாரு. நானும் சீசன் ஓட்டத்துல விட்டுட்டேன். எட்டு மாசம் கழிச்சு மாத்தலாம்னு போனா அந்த முந்தின ஓனர் தவறிட்டாரு. வாரிசு சான்று, ஓனர் இறந்துட்டா பேர் மாத்துறதுக்கான ஃபாரம் 31, அவருக்கு ரெண்டு பொண்ணு மூணு பையன், அதுல ஒருத்தர் சிங்கப்பூர்ல, ஒருத்தருக்கும் இன்னொருத்தருக்கும் பேச்சுவார்த்தை இல்ல. ஒண்ணரை வருஷம் அலைஞ்சேன், அதுவரைக்கும் வண்டிய விக்க முடியல, இன்சூரன்ஸ் என் பேருக்கு வரல, ஒரு சின்ன ஆக்சிடென்ட் ஆயிருந்தாகூட குடும்பமே நடுத்தெருதான். அதனால ஆர்சில இருக்கிற பேரும் உங்ககிட்ட காசு வாங்குற கையும் ஒண்ணா இருக்கணும், ஆதார வாங்கி பேரையும் மூஞ்சியையும் பாருங்க.

ஆர்சில எச்பின்னு, அதாவது ஹைபாதிகேஷன், கடனுக்கு அடமானம்னு, ஃபைனான்ஸ் பேர் இருந்தா கடன் கட்டியாச்சுங்கறது போதாது, என்ஓசியும் (ஆட்சேபணை இல்லைங்கற கடிதம்) அடமானத்த ரத்து பண்ற ஃபாரம் 35-ம் கையில இருக்கணும். சில பேர் டிராக்டர் கடன முடிச்சிருப்பான், அதே இடத்துல பயிர்க்கடனோ ஜாமீன் கையெழுத்தோ நிலுவைல இருக்கும், என்ஓசி கொடுக்காம இழுப்பாங்க. அரசோட எம்பரிவாகன் ஆப்ல நம்பர போட்டா ஓனர் பேர் பாதியாவது தெரியும், ஃபைனான்ஸ் இருக்கா, இன்சூரன்ஸ் எப்ப முடியுதுன்னும் தெரியும், அங்கயே உக்காந்து பாத்துடுங்க. சேசிஸ் நம்பர் மேல வெள்ளைப் பேப்பர வச்சு பென்சில்ல தேச்சு எடுத்து ஆர்சியோட ஒப்பிடுங்க, இன்ஜின் நம்பரையும்தான், இன்ஜின் மாத்தி ஆர்சில ஏத்தாத வண்டி விக்கவே விக்காது. தயாரிச்ச மாசம் வருஷம் ஆர்சிலயே இருக்கும், 2017 டிசம்பர்ல செஞ்சு 2018 மார்ச்ல பதிஞ்ச வண்டிய 2018 மாடல்னு சொல்லுவாங்க, நீங்க விக்கும்போது உங்ககிட்ட வாங்குறவன் 2017-ன்னுதான் சொல்லுவான். டிரெய்லரோட வாங்கினா அதுக்கு தனி ஆர்சி உண்டு, மறந்துடாதீங்க. வெளி மாநில வண்டி கம்மியா வருதுன்னு போகாதீங்க, ஃபாரம் 28 என்ஓசி, அங்க இங்க அலைச்சல், அப்புறம் விக்கும்போதும் நம்பர் பிளேட்ட பாத்தே விலை குறைப்பான்.

எப்ப வாங்குறதுன்னா மார்கழில வாங்குங்க. யாரும் வண்டி வாங்க மாட்டான், நல்ல நாள் இல்லன்னு ஒதுங்கி நிப்பான், சம்பா உழவும் முடிஞ்சிருக்கும், காசு தேவைப்படுறவன் மட்டும் வித்துகிட்டு இருப்பான். உங்களுக்கு மனசு சங்கடமா இருந்தா மார்கழில பேசி அட்வான்ஸ் கொடுத்துட்டு தை ஒண்ணாந்தேதி வண்டிய ஓட்டிகிட்டு வாங்க, நான் ரெண்டு வண்டி அப்படித்தான் எடுத்தேன். விக்கிறதுன்னா வைகாசி, ஆனில வித்துடுங்க, ஆடிப்பட்டத்துக்கு முன்னாடி எல்லாருக்கும் கை அரிக்கும்.

வாங்கினப்புறம் மொத மாசமே பேர் மாத்துங்க. எல்லா ஆயிலும் ஃபில்டரும் மாத்தி தேதி எழுதி வைங்க, பில்லெல்லாம் ஒரு பிளாஸ்டிக் கவர்ல போட்டு ஆர்சியோட வைங்க, விக்கிற அன்னைக்கு அந்தக் கவர் 20 ஆயிரம் பெறும், பொய் இல்ல. மணி மீட்டர் வயர் அறுந்தா உடனே போடுங்க. லோடர் மாட்டாதீங்க, முன் ஆக்ஸில் போயிடும். ஒரிஜினல் டாப் லிங்க், கொக்கி, எடைக்கல்லு எதையும் தொலைக்காதீங்க. அப்புறம் இந்த பசங்க ஆசைப்பட்டு பம்பர், பத்து லைட்டு, பெரிய பாட்டுப் பெட்டின்னு ஏத்துறாங்களே, என் தங்கச்சி மகன் 55 ஆயிரம் ரூபாய்க்கு ஏத்தினான், வாங்க வந்தவர் மொத கேள்வியே இத கழட்டிட்டு தருவீங்களா தம்பிங்கறதுதான்.

உங்க காசுக்கு என் கணக்கு இது. நாலரைல நாலுக்கு மேல வண்டிக்கு போடாதீங்க, 50 ஆயிரம் தனியா எடுத்து வைங்க, டயரோ கிளட்சோ எதாவது ஒண்ணு கட்டாயம் வரும், பின் டயர் ஜோடி மட்டுமே 40 ஆயிரத்த தொடும். துறையூர், பெரம்பலூர் மேட்டு நிலத்துல மொத ஓனர்கிட்ட இருக்கிற ஆறு ஏழு வருஷ மேசி 241 அல்லது மஹிந்திரா 475, பவர் ஸ்டியரிங், டூயல் கிளட்ச் இருந்தா இன்னும் நல்லது, அத மொதல்ல தேடுங்க, கிடைக்கலன்னா 1035 பாருங்க. பாக்கப் போகும்போது உங்க மெக்கானிக்க கூட்டிகிட்டு போங்க, அவருக்கு ஒரு நாள் கூலியும் சாப்பாடும் கொடுத்துடுங்க, விக்கிறவர் தர்ற கமிஷன எதிர்பாக்காம பேசுவாரு. அட்வான்ஸ் அஞ்சாயிரத்துக்கு மேல வேணாம், என்ஓசி வரலன்னா திருப்பித் தரணும்னு வெள்ளைப் பேப்பர்ல ஒரு வரி எழுதி கையெழுத்து வாங்கிக்கோங்க.